புதிய மடிக்கணினி இரைகிறதா? அறிகுறியைக் கொண்டு பிழை காணும் வழிமுறை

வாங்கி ஒரு கிழமைகூட ஆகாத மடிக்கணினியின் விசிறி, சிறியதொரு கடிதத்தைத் தட்டச்சிடும்போதே இரையத் தொடங்கினால், பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற எண்ணமே முதலில் எழும். சில வேளைகளில் அந்த எண்ணம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் விசிறி தன் விருப்பத்துக்குச் சுழல்வதில்லை. வெப்ப உணரி தெரிவிக்கும் எண்ணைப் பார்த்துக் கணினியின் உட்கட்டுப்பாட்டுச் சில்லு இடும் கட்டளைப்படியே சுழல்கிறது. ஆகவே, சத்தம் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா, அல்லது வெப்பம் எப்படியிருந்தாலும் தன்பாட்டுக்கு ஒலிக்கிறதா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். வெப்பத்தோடு ஏறி இறங்கும் சத்தத்தை அனேகமாக வீட்டிலிருந்தே குறைக்கலாம். வெப்பத்தோடு தொடர்பற்ற சத்தத்தை எந்த அமைப்பு மாற்றமும் தீர்க்காது. அந்தக் கணினி விற்ற கடைக்குத் திரும்ப வேண்டும். கீழே வரும் அறிகுறிகள் ஒவ்வொன்றும் இந்த இரண்டில் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டே வாசித்தால் வேலை பாதியாகக் குறையும்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் தங்கள் எதிர்பார்ப்பையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இணையத்தில் மதிப்புரை எழுதுவோர் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள அறைகளில் கணினியைச் சோதிக்கிறார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் நம்மூர் அறையின் நண்பகல் வெப்பநிலை 32, 33 பாகையை எளிதாகத் தொடும்; தகரமோ அஸ்பெஸ்ரஸ் சீற்றோ வேய்ந்த கூரையின் கீழ் அதற்கும் மேலே போகும். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, அறைக் காற்றை உள்ளே இழுத்து வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆகவே அறை 10 பாகை கூடுதலாகச் சூடாக இருந்தால், அதே வேலைக்கும் அதே விசிறி வேகத்துக்கும் செயலியும் (கணினியின் மூளையான சிபியு) ஏறத்தாழ 10 பாகை கூடுதலாகச் சூடாகும். அதை ஈடுசெய்ய விசிறி வேகமெடுக்கும். மதிப்புரையில் 'அமைதியான கணினி' என்று எழுதப்பட்ட ஒன்று இங்கே இரைவதற்கு இதுவே போதுமான காரணம். பழுது எதுவும் இருக்க வேண்டியதில்லை.

அதே வேளை, வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பு நமக்குச் சாதகமானது. விசிறியின் சுழற்சி வேகம் இரட்டித்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும். காதுக்கு இது தெளிவாகத் தெரியும் வேறுபாடு. ஆகவே வெப்பத்தை முழுவதுமாக ஒழிக்கத் தேவையில்லை, கொஞ்சம் குறைத்தாலே போதும்.

முதலில் அளந்து பாருங்கள்

கூரை விசிறியை நிறுத்திவிட்டு, கணினியைக் கடினமான மேசையொன்றில் வைத்து, சத்தம் எங்கிருந்து எப்படி வருகிறது என்று கேளுங்கள். சீரான காற்றிரைச்சலா, உரசலா, கூரிய ரீங்காரமா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னேற்றி இணைந்திருக்கிறதா, எந்த மென்பொருள் திறந்திருக்கிறது, பகலா இரவா என்பவற்றையும் சேர்த்து எழுதிவையுங்கள். பின்னர் கடையில் பேச நேர்ந்தால் இந்தக் குறிப்பே உங்கள் சாட்சி.

வின்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு என்ற நிரலின் தலைப்பைச் சொடுக்கினால், செயலியை அதிகம் பயன்படுத்தும் மென்பொருள் மேலே வரும். வெப்பநிலையைப் பார்ப்பதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருள் நன்று. மக் கணினியில் அக்டிவிட்டி மொனிட்டர் இதே பணியைச் செய்யும்; அங்கே கேர்னல் டாஸ்க் என்ற பெயர் மேலே நின்றால் அதைக் குற்றவாளியாகக் கொள்ள வேண்டாம், வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயலியின் நேரத்தை அதுவே வேண்டுமென்று பிடித்துவைத்திருக்கும்.

நம்மூர் வெப்பத்தில், சும்மா இருக்கும் கணினியின் செயலி 45 முதல் 60 பாகை வரை காட்டுவது வழமையானது. கடினமான வேலையில் 80 முதல் 95 வரை ஏறும். இன்டெல் செயலிகள் பலவற்றின் உச்ச வரம்பு 100 பாகை. ஏஎம்டியின் மடிக்கணினிச் செயலிகளில் அது 95 முதல் 105 வரை. வரம்பை நெருங்கும்போது செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், 90 என்ற எண்ணைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் சும்மா இருக்கும்போதே 80 என்றால் ஏதோ ஒன்று உள்ளே ஓடுகிறது, அல்லது வெப்பம் வெளியேறவில்லை.

அறிகுறி: ஒன்றும் செய்யாதபோது இரைகிறது, தொட்டவுடன் அடங்குகிறது

புதிய கணினிகளில் மிகுதியாகக் காணப்படுவதும், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். தேநீர் குடிக்க எழுந்து போனால் விசிறி உரத்து இரையும். திரும்பி வந்து சுட்டியை அசைத்தவுடன் சில கணங்களில் தணியும். பேய் பிசாசு எதுவுமில்லை. வின்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளைப் பயனர் இல்லாத நேரம் பார்த்துச் செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. புதிய கணினியில் அந்த வேலைகள் குவிந்து கிடக்கும்: மாதக்கணக்கில் தேங்கிய இற்றைப்படுத்தல்கள், கோப்புகளுக்கான தேடல் அட்டவணையைக் கட்டியெழுப்புதல், வின்டோஸின் நச்சுநிரல் தடுப்பியான டிஃபெண்டரின் முதல் முழுச் சோதனை, மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் கணக்கிலுள்ள படங்களையும் ஆவணங்களையும் இறக்குதல். டாஸ்க் மேனேஜரில் இவை அன்டிமல்வெயார் சேர்விஸ் எக்சிகியூட்டபிள், வின்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் வேர்க்கர், சேர்ச் இன்டெக்சர் என்ற பெயர்களில் தெரியும். மக் கணினியிலும் ஸ்பொட்லைட் தேடலுக்கான அட்டவணையும், படங்களை ஆராயும் வேலையும் முதல் நாட்களில் இதேபோல ஓடும்.

நல்ல இணைய இணைப்பிருந்தால் இந்த வேலைகள் ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். நம்மில் பலர் கைப்பேசியின் ஹொட்ஸ்பொட் வழியாக, தரவு தீர்ந்துவிடுமோ என்ற கணக்கோடு இணைகிறோம். அந்த இணைப்பை 'மீற்றர்ட்' (தரவை அளந்து செலவிட வேண்டிய இணைப்பு) என்று குறித்துவைத்திருந்தால் வின்டோஸ் பெரும்பாலான இற்றைப்படுத்தல்களை ஒத்திவைக்கும். குறிக்காவிட்டால், இணைக்கும்போதெல்லாம் கொஞ்சம் இறக்கிக் கொஞ்சம் நிறுவி நிறுத்தும். இரண்டு நாள் வேலை மூன்று கிழமையாக இழுபடுவது இப்படித்தான். தீர்வு எளியது. ஃபைபர் இணைப்புள்ள வீடொன்றில், மின்னேற்றியை இணைத்து, மூடியைத் திறந்தபடி, கணினியைக் கடினமான மேசையில் ஓர் இரவு விட்டுவையுங்கள். அது உறங்கிவிடாதபடி ஸ்லீப் அமைப்பை அந்த இரவுக்கு மட்டும் நிறுத்துங்கள். காலையில் மறுதொடக்கம் செய்து, இற்றைப்படுத்தல் எதுவும் மிச்சமில்லை என்று வரும்வரை மீண்டும் தேடச் செய்யுங்கள்.

இற்றைப்படுத்தல்கள் எல்லாம் முடிந்து, இரண்டு கிழமைகளுக்குப் பின்னரும் இதே நடத்தை தொடர்ந்தால் சந்தேகப்பட இடமுண்டு. உரிமமின்றி வின்டோஸையோ ஒஃபிஸையோ செயற்படுத்தும் கருவிகள் சிலவற்றோடு, உங்கள் கணினியைக் கொண்டு இன்னொருவருக்கு மறைநாணயம் (கிரிப்டோ) ஈட்டிக்கொடுக்கும் நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அவற்றுள் சில, டாஸ்க் மேனேஜர் திறக்கப்பட்டவுடன் ஒளிந்துகொள்ளும். இதைப் பிடிக்க, எச்டபிள்யூஇன்ஃபோவை மட்டும் ஓடவிட்டு எழுந்து போய், திரும்பி வந்து அது பதிந்துவைத்த உச்ச வெப்பநிலையையும் செயலிப் பயன்பாட்டையும் பாருங்கள். நாள்தோறும் நீண்ட நேரம் முழுப் பயன்பாடு காட்டினால், தனித்தனியாகத் தேடி அழிப்பதில் நேரம் செலவிடாமல், மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து பெற்ற வின்டோஸை வெறுமையான வட்டில் புதிதாக நிறுவுவதே என் பரிந்துரை.

அறிகுறி: எப்போதும் நடுத்தர வேகத்தில் இரைந்துகொண்டேயிருக்கிறது

இங்கே விற்கப்படும் மடிக்கணினிகளில் ஒரு பகுதி இயங்குதளம் இல்லாமலோ ஃபிரீடொஸ் என்ற பெயரளவிலான இயங்குதளத்தோடோ வருகின்றன. கடைக்காரரே வின்டோஸை நிறுவிக் கொடுக்கிறார். அவசரத்தில் நிறுவியதெனில், உற்பத்தியாளர் வழங்கும் இயக்கிகள் (டிரைவர் எனப்படும், வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்கள்) முழுமையாக ஏறியிருக்காது. விசிறியையும் வலு வரம்புகளையும் சூழ்நிலைக்கேற்ப மாற்றிக்கொடுக்கும் நிரல்கள் அந்த இயக்கிகளோடுதான் வருகின்றன. அவை இல்லாதபோது கணினி ஒரே அளவில் நின்றுகொண்டு இரையும்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மஞ்சள் குறியோடு ஏதேனும் நின்றால் அந்த இயக்கி இல்லை. டிஸ்பிளே அடப்டர்ஸ் என்ற பிரிவில் மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்ற பெயர் இருந்தால், காரணத்தை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்: வரைகலைச் சில்லுக்கான இயக்கியே நிறுவப்படவில்லை, திரையில் தோன்றும் ஒவ்வொரு அசைவையும் செயலியே வரைந்துகொண்டிருக்கிறது. கணினியின் அடிப்பகுதியில் உள்ள தொடரிலக்கத்தை உற்பத்தியாளரின் தளத்தில் இட்டு, உங்கள் மாதிரிக்கே உரிய சிப்செற், வரைகலை, வலு மேலாண்மை இயக்கிகளை இறக்கி நிறுவுங்கள். இயக்கி தேடித்தருவதாகச் சொல்லும் வேற்று மென்பொருள்களை நாட வேண்டாம்.

அதே பக்கத்தில் பயோஸின் (கணினியை இயக்கியவுடன் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதிய பதிப்பு இருந்தால் அதையும் பாருங்கள். விசிறி எந்த வெப்பநிலையில் எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்ற அட்டவணையை உற்பத்தியாளர்கள் பயோஸ் பதிப்புகளில் திருத்துவதுண்டு. வெளிவந்த புதிதில் இரைந்த மாதிரி பின்னர் அடங்குவது இதனாலேயே. மின்னேற்றி இணைந்திருக்க, மின்கலமும் நிறைந்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். இடையில் மின்சாரம் போனாலும் மின்கலம் தாங்கும். ஆனால் இடையில் பொறுமை போய் நீங்களே நிறுத்தினால் எதுவும் தாங்காது.

அறிகுறி: மின்னேற்றியை இணைத்தால் இரைகிறது, கழற்றினால் அடங்குகிறது

இது பழுதன்று, அமைப்பு. இன்றைய செயலிகள் தங்கள் பெயரளவு வலுவைவிடப் பலமடங்கு வலுவைச் சிறிது நேரத்துக்கு எடுக்க வல்லவை. எடுத்துக்காட்டாக, இன்டெல் கோர் ஐ5-1335யூ செயலியின் அடிப்படை வலு 15 வாற்று, உச்ச வலு 55 வாற்று. கோர் ஐ7-13700எச் என்பதில் இவை முறையே 45, 115 வாற்று. மின்னேற்றி இணைந்தவுடன் கணினி தாராளமாகச் செலவழிக்கத் தொடங்கும். அந்த வலு முழுவதும் வெப்பமாகவே முடியும். அதற்கு மேல் மின்கலம் ஏறும்போது உண்டாகும் வெப்பமும் சேரும்.

வின்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அன்ட் பற்றரி என்ற வழியே சென்று, பவர் மோட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பெஸ்ற் பெர்ஃபோமன்ஸ் என்றிருந்தால் பலன்ஸ்ட் அல்லது பெஸ்ற் பவர் எஃபிஷியன்சி என்று மாற்றுங்கள். எழுதுவோருக்கும் இணையம் பார்ப்போருக்கும் வேகக் குறைவு தெரியவே தெரியாது; காதுக்கு மட்டும் தெரியும்.

இதற்கு மேலாக உற்பத்தியாளரின் சொந்த நிலைகளும் உண்டு, பெரும்பாலும் அவையே வலியவை. லெனோவோவின் பல மாதிரிகளில் எஃப்என், கியூ ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நிலை மாறும். ஏசஸ் விவோபுக், சென்புக் மாதிரிகளிலும் ஏசரின் சில மாதிரிகளிலும் எஃப்என், எஃப் விசைகள் அதைச் செய்யும். ஏசஸில் மிக அமைதியான நிலைக்கு விஸ்பர் என்று பெயர். டெல் கணினிகளில் உற்பத்தியாளரின் வலு மேலாண்மை மென்பொருளுக்குள் குவயட், கூல், ஒப்டிமைஸ்ட் என்ற தெரிவுகள் உள்ளன. எம்எஸ்ஐ விளையாட்டுக் கணினிகளில் எஃப்என் விசையோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் கூலர் பூஸ்ற் இயங்கி விசிறிகள் முழு வேகத்தில் அலறும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இந்தச் சேர்க்கையை நினைவில் வைத்திருங்கள். எச்பியின் சில மாதிரிகளில் பயோஸுக்குள்ளேயே 'ஃபான் ஓல்வேஸ் ஒன்' என்ற தெரிவு உண்டு. அது இயங்கும் நிலையிலிருந்தால், மின்னேற்றி இணைந்திருக்கும் வரை விசிறி நிற்காது, அதை நிறுத்திவிடலாம்.

செயலியின் உச்ச நிலையை 100 இலிருந்து 99 வீதமாக்கும் பழைய உத்தியைப் பலரும் பரிந்துரைப்பார்கள். கன்ட்ரோல் பனலில் வலுத் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளில், புரொசெசர் பவர் மனேஜ்மன்ட் என்ற பிரிவின் கீழ் அது இருக்கும். சில கணினிகளில் மறைக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு வீதம், டேர்போ எனப்படும் மிகைவேகத்தை முற்றாக நிறுத்திவிடும். விளையாட்டுக் கணினிகளில் இது அருமையாகப் பயன்படும், ஏனெனில் அவற்றின் அடிப்படை வேகமே போதுமானது. ஆனால் மேலே சொன்ன ஐ5-1335யூ போன்ற மெலிந்த கணினிச் செயலியில், 4.6 கிகாஹேர்ட்ஸ் வரை ஏற வேண்டிய முதன்மைக் கருக்கள் (கோர்) 1.3 கிகாஹேர்ட்ஸில் கட்டுண்டு கிடக்கும். இரைச்சல் போய்விடும், கூடவே புதுக்கணினி வாங்கிய பயனும் போய்விடும். அத்தகைய கணினிக்கு உற்பத்தியாளரின் அமைதி நிலையே போதும்.

அறிகுறி: பகலில், அல்லது குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் மட்டும் இரைகிறது

பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பகுதியால் காற்றை உள்ளிழுத்து, திரை மடியும் பக்கத்தாலோ பக்கவாட்டாலோ வெளியே விடுகின்றன. மெத்தை, தலையணை, தடித்த மேசைவிரிப்பு ஆகிய எதுவும் அந்தத் துளைகளை அடைக்கும். கட்டிலில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் கீழே ஒரு பலகையை வையுங்கள். மேசையிலும், பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்த்திவைத்தால் காற்று தாராளமாகப் புகும். இரண்டு போத்தல் மூடிகள் போதும். கடைகளில் விற்கும் விசிறித் தட்டுகளுக்குப் பணம் கொடுக்குமுன் இதைச் செய்து பாருங்கள். அந்தத் தட்டுகளால் வரும் நன்மையில் பெரும்பங்கு இந்த உயர்த்தலால் வருவதே, தட்டின் விசிறி தன் சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

புதிய கணினியோடு அன்பளிப்பாகத் தரப்படும் பொருட்களையும் பாருங்கள். விசைப்பலகையின் மேல் விரிக்கும் சிலிக்கன் உறை, தூசிக்கு நல்லது என்று கொடுக்கப்படுகிறது. ஆனால் சில மாதிரிகள் விசைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியாலும் காற்றை எடுக்கின்றன. விசைப்பலகையின் மேற்பரப்பாலும் வெப்பம் வெளியேறுகிறது. உறையைக் கழற்றி ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அழகுக்காக அடிப்பக்கத்தில் ஒட்டிய ஸ்ரிக்கர் துளைகளை மூடியிருக்கிறதா, பெட்டியிலிருந்து வந்த பாதுகாப்புத் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்பதையும் புரட்டிப் பாருங்கள். இவ்வளவு எளிய காரணமா என்று தோன்றும். ஆனால் இவையே அடிக்கடி காரணமாகின்றன.

மேசை விசிறியைக் கணினியின் பக்கமாகத் திருப்பிவைப்போர், வெப்பக் காற்று வெளியேறும் வாய்க்கு எதிராக அது வீசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எதிராக வீசினால் வெளியேறிய வெப்பமே மீண்டும் உள்ளே போகும். யன்னலோரத்தில் நேரடி வெயில் படும் மேசையையும் தவிருங்கள்.

தூசி புதிய கணினிக்குரிய காரணமன்று. முதல் மாதத்திலேயே துளைகளில் தூசி படிந்திருந்தால், அது கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பொருளா என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. பின்னாளில் நிலைமை வேறு: சோளகக் காற்று வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் தூசி யன்னல் சட்டங்களில் படிவதைப் பார்த்தவர்களுக்கு, அதே தூசி வெப்பத் தகடுகளுக்கிடையில் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. காரைநகர், வேலணை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேரும். அங்கே இருப்பவர்கள் பயன்படுத்தாத வேளையில் கணினியை மேசையில் திறந்து வைக்காமல் பைக்குள் வைப்பது நல்லது.

அறிகுறி: காணொளியிலும் சூம் வகுப்பிலும் மட்டும் இரைகிறது

யூரியூப் இன்று பல காணொளிகளை ஏவி1 என்ற குறிமுறையில் அனுப்புகிறது. அதைப் பிரித்தெடுக்கும் தனிச் சுற்று சில்லுக்குள் இருந்தால் வேலை சத்தமில்லாமல் நடக்கும்; இல்லாவிட்டால் செயலியே மல்லுக்கட்ட வேண்டும். இன்டெல்லில் 11ஆம் தலைமுறை முதலும், ஏஎம்டியில் ரைசன் 6000 வரிசையிலும் அந்தச் சுற்று உண்டு. ஆனால் இலக்கம் பெரிதென்பதால் மட்டும் சில்லு புதியதாகிவிடாது. ரைசன் 5 7430யூ என்ற செயலி 7000 வரிசைப் பெயரைத் தாங்கியிருந்தாலும், உள்ளே இருப்பது பழைய வேகா வரைகலை. அதில் ஏவி1 சுற்று இல்லை. ரைசன் 5 5500யூவும் அப்படியே. இத்தகைய கணினி வைத்திருப்போர், யூரியூப் அமைப்புகளில் பிளேபக் பகுதிக்குச் சென்று, குறைந்த தெளிவுக் காணொளிகளுக்கு மட்டும் ஏவி1 என்ற தெரிவை இடலாம். உலாவியின் அமைப்புகளில் வரைகலை முடுக்கம் (கிரஃபிக்ஸ் அக்செலரேஷன்) நிறுத்தப்பட்டிருந்தால் அதை இயக்குங்கள்.

சூம் வகுப்புகளில் மெய்நிகர் பின்னணியையும் பின்னணி மங்கலாக்கத்தையும் நிறுத்தினால் செயலியின் சுமை உடனே குறையும். சுவரில் பழைய நாட்காட்டி தொங்குவதை யாரும் குறையாக நினைக்கப்போவதில்லை.

அறிகுறி: வெளித்திரையை இணைத்தவுடன் இரைகிறது

என்விடியா போன்ற தனி வரைகலைச் சில்லுள்ள கணினிகள் பலவற்றில், எச்டிஎம்ஐ வாய் அந்தத் தனிச் சில்லோடு நேராக இணைக்கப்பட்டிருக்கும். திரையைச் செருகியவுடன் அதுவரை உறங்கிய சில்லு விழித்து, வெறும் எழுத்தைக் காட்டுவதற்காகக்கூட வலுவெடுக்கும். யூஎஸ்பி-சி வாய் வழியாகத் திரையை இணைத்துப் பாருங்கள். சில மாதிரிகளில் அது செயலியின் உள்வரைகலையோடு இணைந்திருக்கும்.

அறிகுறி: சில கணங்களுக்கு ஒருமுறை ஏறி ஏறி இறங்குகிறது

ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்தில் செயலி உச்ச வேகத்துக்குத் தாவி, வெப்பநிலை 20 பாகை ஏறி, உடனே இறங்கும். விசிறியின் அட்டவணை அவசரக்குணமுள்ளதாக இருந்தால் ஒவ்வொரு தாவலுக்கும் அது பதிலளிக்கும். சீரான இரைச்சலைவிட இதுவே காதை அதிகம் உறுத்துகிறது. பவர் மோட்டைக் குறைப்பதும் பயோஸ் இற்றைப்படுத்தலுமே மருந்து.

அறிகுறி: பையிலிருந்து எடுக்கும்போதே சூடாக இரைகிறது

மூடியை மூடினால் கணினி உறங்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். மொடேர்ன் ஸ்ரான்ட்பை முறையிலுள்ள புதிய கணினிகள், மூடிய பின்னரும் கைப்பேசியைப் போல அரைவிழிப்பில் இருந்து இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கும். பைக்குள் காற்றோட்டமில்லாததால் வெப்பம் தேங்கும். கொழும்புப் பேருந்தில் இரவு முழுவதும் பைக்குள் கிடக்கப்போகும் கணினியை முழுமையாக நிறுத்துங்கள், அல்லது கன்ட்ரோல் பனலில் மூடியை மூடும்போது ஹைபர்னேற் (திறந்திருப்பவற்றை வட்டில் சேமித்துவிட்டு அணைதல்) ஆகும்படி அமையுங்கள்.

அறிகுறி: உரசல், தட்டல், கிறீச்சிடல், ரீங்காரம்

இங்கிருந்து மறுபக்கம், அதாவது வெப்பத்தோடு தொடர்பற்ற சத்தம், தொடங்குகிறது. விசிறி மெதுவாகச் சுழலும்போதும் ஒலிக்கும் உரசல், கணினியைச் சரித்தால் மாறும் தட்டல், உலோகம் கிறீச்சிடும் ஒலி ஆகியவை வெப்பத்துக்கான பதில்கள் அல்ல. பெயாரிங் பழுதாகவோ, உள்ளேயுள்ள வயர் ஒன்று இதழ்களில் முட்டுவதாகவோ இருக்கலாம். உறுதிப்படுத்த, வின்டோஸுக்கு வெளியே சோதியுங்கள்: டெல் கணினியில் இயக்கும்போது எஃப்12 விசையை அழுத்தியும், எச்பியில் எஃப்2 விசையை அழுத்தியும் உட்சோதனைப் பகுதிக்குப் போகலாம்; அங்கே விசிறியைத் தனியே சோதிக்க முடியும். எச்பி கணினி இயங்கும்போதே 90பி என்ற பிழைக்குறியைக் காட்டினால், விசிறி ஒழுங்காக இயங்கவில்லை என்று அதுவே சொல்கிறது.

கூரிய, மெல்லிய ரீங்காரம் விசிறியிலிருந்து வருவதன்று. வலுச் சுற்றிலுள்ள சுருள்கள் மின்னோட்டம் மாறும்போது உயர் மீடிறனில் அதிர்வதால் எழுவது. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது ஒலி மாறினால் அதுவேதான். கணினிக்கு அதனால் தீங்கில்லை. எனவே உத்தரவாதத்தின் கீழ் அதைப் பழுதென்று ஏற்கச் செய்வது கடினம். கடை மாற்றித்தரும் காலம் முடிவதற்குள் கேட்டுவிடுவதே புத்தி.

அறிகுறி: இயக்கிய கணத்திலிருந்து உச்ச வேகம், அல்லது செயலி கொதித்தும் வெளியேறும் காற்றில் சூடில்லை

பயோஸ் திரையிலேயே விசிறி முழு வேகத்தில் இரைந்தால் உணரியோ கட்டுப்பாட்டுச் சில்லோ குழம்பியிருக்கிறது. கணினியை நிறுத்தி, மின்னேற்றியைக் கழற்றி, வலுப் பொத்தானை 30 செக்கன்கள் அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். மாறாவிட்டால் அது கடைக்குரியது.

இன்னொரு நிலை நுட்பமானது. சிறு வேலை தொடங்கிய ஓரிரு செக்கன்களிலேயே செயலி 95, 100 என்று பாய்கிறது, விசிறியும் இரைகிறது, ஆனால் வெளியேறும் காற்றில் கையை வைத்தால் இளஞ்சூடுகூட இல்லை. வெப்பம் செயலியில் உண்டாகித் தகடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே இதன் பொருள்: செயலிக்கும் வெப்பக் குழாய்க்கும் இடையே தடவும் வெப்பப் பசை சரியாகப் படியவில்லை, அல்லது வெப்பக் குழாயின் தட்டு இறுகப் பொருந்தவில்லை. தெரிந்த தம்பி ஒருவர் திறந்து பசை மாற்றித்தருவதாகச் சொன்னாலும், உத்தரவாதம் உள்ள கணினியில் அதற்கு இணங்க வேண்டாம். துளைக்குள் ஊசி விடுவதும், காற்றடிக்கும் பம்பினால் அடிப்பதும் அப்படியே. அடிக்கும் காற்றில் இதழ்கள் அளவுமீறிச் சுழன்று பெயாரிங் கெடும்.

கடைக்குக் கொண்டுபோகுமுன்

ஸ்ரான்லி வீதியிலோ கஸ்தூரியார் வீதியிலோ வாகன இரைச்சலுக்கு நடுவே கணினியை இயக்கிக் காட்டினால் எந்தக் கடைக்காரருக்கும் சத்தம் கேட்காது. ஆகவே அமைதியான அறையில் கைப்பேசியால் ஒரு காணொளி எடுங்கள். டாஸ்க் மேனேஜரும் வெப்பநிலையும் திரையில் தெரிய, சத்தமும் கேட்கும்படி ஒரே காணொளியாக அது இருக்கட்டும். செயலிப் பயன்பாடு 3 வீதம், வெப்பநிலை 50 பாகை, ஆனால் உரசல் கேட்கிறது என்று ஒரே காட்சியில் தெரிந்தால், 'புதுசில் அப்படித்தான் இருக்கும்' என்ற பதிலுக்கு இடமிராது.

பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். தொடரிலக்கம் இவையிரண்டிலும் கணினியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பல உற்பத்தியாளர்களின் அதிகாரபூர்வத் திருத்துநிலையம் கொழும்பிலேயே இருப்பதால், கணினி அங்கே அனுப்பப்படக்கூடும். அனுப்புமுன் உங்கள் கோப்புகளைப் பிரதியெடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, பெற்றுக்கொண்ட திகதியையும் முறைப்பாட்டையும் எழுதிக் கடையின் முத்திரையோடு வாங்குங்கள். 'விசிறிச் சத்தம்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். 'குறைந்த வேகத்திலும் உரசல் ஒலி' என்று அறிகுறியை முழுமையாக எழுதச் செய்யுங்கள், ஏனெனில் கொழும்பில் கணினியைத் திறப்பவருக்குத் தெரியப்போவது அந்த ஒரு வரி மட்டுமே.

கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து தந்த கணினியெனில், உத்தரவாதம் இலங்கையில் செல்லுபடியாகுமா என்பதைத் தொடரிலக்கத்தை உற்பத்தியாளரின் தளத்தில் இட்டுப் பாருங்கள். செல்லாவிட்டால், கொண்டுவந்தவர் திரும்பிப் போகுமுன்னரே மேலே சொன்ன சோதனைகளை முடித்து, கணினியை அவர் கையிலேயே கொடுத்தனுப்புவது மலிவானது.

கடை பொறுப்பேற்க மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். அதன் துரித அழைப்பு இலக்கம் 1977. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, முத்திரையிட்ட முறைப்பாட்டுத் துண்டு ஆகிய மூன்றின் பிரதிகளையும் காணொளியையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு அழையுங்கள்.